மூன்று மணி நேரக் கச்சேரியும் இருபது வயது மென்பொருளும்

(புது தில்லி, புசா ரோட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த ஓர் இசைப்பதிவு மென்பொருளை வைத்துக்கொண்டு இன்றும் வேலை செய்யலாமா, இல்லை, அதை ஓரங்கட்டிவிட்டுப் புதியது வாங்கித்தான் ஆக வேண்டுமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். சென்னையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் வடபழனியிலோ சாலிகிராமத்திலோ ஸ்டூடியோ வைத்திருப்பவர் உடனே பதில் சொல்லிவிடுவார். அவருக்குத் தினமும் வாடிக்கையாளர் வருகிறார். அவர்கள் கேட்பதை அவர் வைத்திருக்க வேண்டும். தில்லியில் நம் நிலை வேறு. 1923இல் தொடங்கிய டெல்லி தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று இந்த புசா ரோட்டில்தான் இருக்கிறது. இந்தச் சாலையையும் கரோல் பாகையும் ஒட்டி, மத்திய அரசு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கின்றன. பாட்டு வகுப்பு, பஜனை, நவராத்திரி, பள்ளி ஆண்டு விழா என்று இங்கே நடப்பதைப் பதிவு செய்ய யாரும் பெரிய ஸ்டூடியோவைத் தேடிப் போவதில்லை. வீட்டுக் கணினியும் இரண்டு மைக்கும் போதும். அந்தக் கணினியில் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு காலத்தில் நேரு பிளேஸ் கணினிச் சந்தையிலிருந்து வந்த கூல் எடிட்டாகவோ, கேக்வாக் சோனாராகவோ, க்யூபேஸ் எஸ்எக்ஸாகவோ, நுவெண்டோவாகவோ இருக்கும். ஆகவே இதை வாங்கும் சக்தி பற்றிய கேள்வியாக மட்டும் பார்க்காமல், நம் வேலைக்கு எது தேவை என்ற கேள்வியாகப் பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மென்பொருள் இன்றும் நன்றாகவே உதவும். அதற்குள் செய்த வேலையை அதைவிட்டு வெளியே எடுத்துவர முடிகிறதா என்பது ஒன்றுதான் நிபந்தனை. அந்த நிபந்தனை தவறினால் நேற்று வாங்கிய மென்பொருளும் ஆபத்தானதுதான்.

முதலில் ஒலியின் தரம். புதிய பதிப்பில் சத்தம் தெளிவாக இருக்கிறது, பழையதில் மந்தமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய. இது காதுக்குத் தோன்றும் விஷயமாக இருந்தாலும் அளந்து பார்க்கக்கூடியது. அளவைகளுக்கெல்லாம் தாயகமான தேசிய இயற்பியல் ஆய்வகம் இங்கிருந்து அதிகத் தூரமில்லாமல், புசா வளாகத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் நம் கே.எஸ். கிருஷ்ணன்; ஆய்வகம் இருக்கும் சாலைக்கே அவர் பெயர். இந்தச் சோதனைக்கு ஆய்வகம்கூட வேண்டாம். குரல், வயலின், மிருதங்கம், தம்புரா என்று நான்கு டிராக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எஃபெக்டும் போடாமல், ஒரே அளவில் வைத்து, 2004ஆம் ஆண்டு மென்பொருளில் ஒரு தடவையும் இன்றைய மென்பொருளில் ஒரு தடவையும் கலந்து, இரண்டு வேவ் கோப்புகளாக வெளியே எடுங்கள். இரண்டையும் ஒரே புராஜெக்டில் மேலும் கீழுமாக, ஒரு சாம்பிள்கூட நகராமல் வைத்து, ஒன்றின் அலையை மட்டும் தலைகீழாகத் திருப்பிவிட்டு ஓடவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மீட்டர் அடிமட்டத்தைவிட்டு எழாது. அமைப்புகளைச் சரியாக ஒன்றுபடுத்தியிருந்தால் நடப்பது இதுதான். நடக்காதபோது காரணம் பெரும்பாலும் பேன் விதி. நடுவில் வைக்கும் ஒலியை ஒரு மென்பொருள் மூன்று டெசிபல் குறைக்கும், இன்னொன்று குறைக்காது. சற்று உரக்கக் கேட்பதைக் காது நல்லது என்று எடுத்துக்கொள்கிறது. புதியது தெளிவாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் பெரும்பங்கு இந்தச் சிறு ஒலி வேறுபாட்டிலிருந்து வந்தது என்பது என் கருத்து.

உள்ளே கணக்குப் போடும் விதத்திலும் முன்னேற்றம் வந்திருக்கிறது என்பது உண்மை. பழையவற்றில் பலவும் 32 பிட் மிதவைப் புள்ளியில் கூட்டின. இன்று பலவும் 64 பிட்டில் கூட்டுகின்றன. ஆனால் 24 பிட் பதிவிலேயே மிகச் சன்னமான ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. மின்விசிறி ஓடும் ஒரு கரோல் பாக் அறையில் அதில் பாதியைப் பயன்படுத்தவே பெரும்பாடு. ஒலி மோசமாக இருந்தால் மைக் எங்கே இருக்கிறது, அறை எப்படி எதிரொலிக்கிறது, வெளியே ஆட்டோ போகிறதா என்று பாருங்கள். ஜன்னலுக்குக் கனத்த திரை போட்ட பிறகு கேட்கும் வித்தியாசம், மென்பொருள் மாற்றிய பிறகு கேட்காது.

பழைய மென்பொருளில் நிஜமான குறைகள் உண்டு. அவை விளம்பரம் சொல்லும் இடத்தில் இல்லை. ஒரு முழுக் கச்சேரியைப் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம், மூன்று மணி நேரம். சிடி தரத்தில், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோவில் நொடிக்கு 1,76,400 பைட். மூன்று மணி நேரத்துக்கு சுமார் 190 கோடி பைட். இதையே 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் நொடிக்கு 2,88,000 பைட்; மொத்தம் 311 கோடி. பழைய மென்பொருள்களில் பல, ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்டினால், அதாவது சுமார் 214 கோடி பைட்டைத் தாண்டினால், திணறிவிடும். வேவ் வடிவத்துக்கே 4 ஜிபி என்ற எல்லை இருக்கிறது. இவை அதில் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. கணக்குப் பார்த்தால், 24 பிட்டில் அந்தப் பாதி எல்லை வருவது இரண்டு மணி நேரம் நான்கு நிமிடத்தில். கச்சேரி ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தால் எட்டு மணி நாலு நிமிடம். பிரதான உருப்படி முடிந்து தனி ஆவர்த்தனம் சூடு பிடித்திருக்கும் நேரம் அது. மிருதங்கக்காரர் மோராவுக்கு வரும்போது பதிவு நின்றுபோயிருந்தால் அந்த இழப்புக்கு ஈடு கிடையாது. இப்படிப்பட்ட ஓர் எல்லை இருப்பது தெரிந்தவர், ஒவ்வோர் உருப்படிக்கும் இடையிலுள்ள கைதட்டலில் பதிவை நிறுத்திப் புதிதாகத் தொடங்குவார். தெரியாதவருக்கு மென்பொருள் மேல் கோபம் வரும். பழைய கருவியை வைத்திருப்பவர் அதன் எல்லையை எண்ணிக்கையாகவே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்னொரு எல்லை நினைவகம். விண்டோஸில் ஓடும் 32 பிட் மென்பொருள் ஒன்றுக்கு வழக்கமாக 2 ஜிபி நினைவகமே கிடைக்கும். சிறப்பு ஏற்பாடு செய்தாலும் 4 ஜிபிக்கு மேல் போகாது. நூறு வயலின்களின் மாதிரி ஒலிகளை ஏற்றி சினிமாப் பின்னணி இசை அமைப்பவருக்கு இது போதவே போதாது. அவர் புதியதுதான் வாங்க வேண்டும். அதில் விவாதம் இல்லை. ஆனால் நான்கு மைக்கில் ஒரு வாய்ப்பாட்டைப் பதிவு செய்பவருக்கு இந்த எல்லை வாழ்நாளில் ஒரு தடவைகூடக் குறுக்கே வராது.

பழைய கருவி போதும் என்பதற்கு வரலாறும் சாட்சி சொல்கிறது. இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள மிடி என்ற பொது மொழி வந்தது 1983இல். 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி இணைப்பு உடன்பிறந்தே இருந்ததால், ஐரோப்பிய இசைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். க்யூபேஸும், பிற்காலத்தில் லாஜிக்காக வளர்ந்த கிரியேட்டர், நோட்டேட்டர் என்ற மென்பொருள்களும் அதில்தான் பிறந்தன. தமிழ்நாட்டில் 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியைக் கொண்டு இசை அமைத்தது பேசப்பட்டதும் அந்தக் காலகட்டத்தில்தான். அட்டாரி அந்தக் கணினித் தயாரிப்பை 1993இல் விட்டுவிட்டது. அதன் பிறகு ஐந்தாண்டு கழித்து, 1998இல், இங்கிலாந்தின் ஃபேட்பாய் ஸ்லிம் அதே அட்டாரியில், அதே கிரியேட்டர் மென்பொருளில் செய்து ஓர் ஆல்பத்தை வெளியிட்டார்; அது பின்னர் அந்நாட்டில் முதலிடம் பிடித்தது. ஒரு மெகாபைட் நினைவகம் உள்ள கணினி அது. இன்று ஒரு கைப்பேசிப் படம் அதைவிடப் பெரியது. அவர் அதை விடாமல் வைத்திருந்ததற்கு ஏக்கம் காரணமில்லை. அவருக்கு வேண்டிய வேலையை அது பிசகாத காலக்கணக்கோடு செய்தது. கைக்குப் பழகியும் இருந்தது. கைப்பழக்கத்துக்கு உள்ள மதிப்பை நம் இசைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புதிய வசதிகள் பற்றியும் நேராகப் பேச வேண்டும். சில வசதிகள் நம் இசைக்கு எந்த லாபமும் தருவதில்லை, தீங்கே செய்கின்றன. 1997இல் ஆட்டோ-டியூன் வந்ததிலிருந்து சுருதி திருத்தும் கருவி படிப்படியாகப் பல மென்பொருள்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. சாதாரணமாக விட்டால் அது குரலைப் பன்னிரண்டு கட்டங்களில் ஏதாவது ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தும். தோடியின் காந்தாரத்தை அதனிடம் கொடுத்துப் பாருங்கள். ரிஷபத்தைத் தொட்டும் தொடாமலும் ஏறி இறங்கி அசையும் அந்தச் சுரத்தை அது தவறு என்று எண்ணி, அசைவைத் தட்டி நேராக்கும். மிஞ்சுவது தோடியாக இருக்காது. சுருதி திருத்தும் கருவி இல்லாத ஒரு பழைய பதிப்பில் பாட்டு கற்கும் குழந்தையின் குரலைப் பதிவு செய்வதில், அந்தக் குழந்தைக்கு நன்மையே உண்டு. பிசகிய இடம் பிசகாகவே கேட்கும், ஆசிரியர் திருத்தலாம்.

வேறு சில வசதிகள் அப்படியல்ல. அவற்றை ஒப்புக்கொள்ளாமல் விட்டால் என் வாதம் நேர்மையாக இருக்காது. பழைய ஸ்பூல் டேப்பிலும் கேசட்டிலும் உள்ள இரைச்சலை நீக்குவதில் இன்றைய கருவிகள் இருபது ஆண்டுக்கு முந்தையவற்றைவிட வெகுதூரம் முன்னேறியுள்ளன. கலந்துபோன ஒரு பதிவிலிருந்து குரலைத் தனியே பிரிப்பது ஒரு காலத்தில் நடக்காத காரியம். 2024இல் வந்த லாஜிக் புரோ 11 போன்றவை அதைச் செய்கின்றன. பாட்டி பாடிய கேசட் ஒன்று வீட்டில் இருந்து, அதில் பிரஷர் குக்கர் விசிலும் கலந்திருந்தால், அதைச் சுத்தம் செய்யப் புதிய கருவியைத்தான் நாட வேண்டும். ஆனால் அந்த ஒரு வேலைக்காக மொத்த ஏற்பாட்டையும் மாற்றத் தேவையில்லை. வேவ் கோப்பாக எடுத்துக்கொண்டு போய், புதிய கருவி உள்ள இடத்தில் அதை மட்டும் செய்து, வேவ் கோப்பாகவே திரும்பக் கொண்டுவரலாம்.

இப்போது என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பழைய மென்பொருளின் பெரிய ஆபத்து தரத்திலோ வசதியிலோ இல்லை. அதன் உயிர் யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. ஜெர்மனியின் ஈமேஜிக் நிறுவனத்தின் லாஜிக், ஒரு காலத்தில் விண்டோஸிலும் ஓடியது. 2002 ஜூலையில் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது, விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது, 5.5 வரிசையோடு அதன் ஆயுள் முடிந்தது. காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ்காரர்கள் நட்டாற்றில் நின்றார்கள். அதற்கும் முன், மிடியையும் ஒலிப்பதிவையும் ஒரே திரையில் முதன்முதலில் இணைத்த ஆப்கோட் நிறுவனத்தை 1998இல் கிப்ஸன் வாங்கி, அடுத்த ஆண்டே அதன் வளர்ச்சியை நிறுத்தியது. அதே கிப்ஸன் 2013இல் கேக்வாக்கை வாங்கி, 2017 நவம்பரில் அதையும் கைவிட்டது. கேக்வாக்குக்கு மட்டும் நல்ல காலம்: சிங்கப்பூரின் பேண்ட்லேப் 2018இல் அதை எடுத்துக்கொண்டு, ஏப்ரலில் இலவசமாகவே வெளியிட்டது. அதற்கு முன்னான சில மாதங்கள் சோனாரில் வேலை செய்தவர்களுக்கு எவ்வளவு கவலையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம்மிடையே அதிகம் புழங்கும் க்யூபேஸ், நுவெண்டோ கதை இன்னும் அண்மையது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் பல ஆண்டுகளாக யுஎஸ்பி டாங்கிள் ஒன்றில் லைசென்ஸை வைத்துக் கொடுத்தது. 2022இல் பதிப்பு 12 வந்தபோது டாங்கிள் இல்லாத முறைக்கு மாறியது. பழைய முறையின் சேவையை 2025 மே 20 அன்று மூடிவிட்டது. டாங்கிளில் ஏற்கெனவே உள்ள லைசென்ஸ் தொடர்ந்து ஓடும். ஆனால் அந்தக் கட்டைவிரல் அளவுப் பொருள் தொலைந்தாலோ, ஊழியர் ஒருவர் அதன்மேல் நாற்காலியை நகர்த்திவிட்டாலோ, மாற்று கிடையாது. நியாயமான விலை கொடுத்து வாங்கிய, தரத்தில் எந்தக் குறையும் இல்லாத மென்பொருள் அன்றோடு திறக்காது. அதற்குள் இருக்கும் புராஜெக்ட் கோப்புகளை வேறு எந்த நிறுவனத்தின் மென்பொருளாலும் அப்படியே படிக்க முடியாது. அதே நிறுவனத்தின் புதிய பதிப்பால்கூட எல்லாவற்றையும் படிக்க முடிவதில்லை. எஸ்எக்ஸ் காலத்துக் கோப்புகளை அது திறக்கும். அதற்கு முந்தைய க்யூபேஸ் விஎஸ்டி காலத்துக் கோப்புகளை எஸ்எக்ஸ் வழியாக மாற்றித்தான் கொண்டுவர வேண்டும். 1990களின் இறுதியில் செய்த ஒரு வேலையைத் திறக்க இன்று தேவைப்படுவது ஒரு பழைய பதிப்பு. இதனால்தான் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன்; இதனால்தான் அதை மட்டும் நம்பாதீர்கள் என்றும் சொல்கிறேன்.

எதிர்வாதங்களைப் பார்ப்போம். பாதுகாப்பு என்பார்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அவற்றில் ஓடும் கணினி வைரஸுக்குத் திறந்த வீடு என்பது சரியே. அந்தக் கணினியை இணையத்தோடு சேர்க்காதீர்கள். பாட்டைப் பதிவு செய்ய இணையம் எதற்கு? பென் டிரைவில் பதிவுகள் வெளியே போகட்டும். கண்ட கோப்பும் உள்ளே வர வேண்டாம். அடுத்து, வெளி ஸ்டூடியோவோடு சேர்ந்து வேலை செய்ய முடியாது என்பார்கள். ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே வேவ் கோப்பாகக் கொடுத்தால், சென்னையிலோ டொராண்டோவிலோ உள்ள எந்த ஸ்டூடியோவும் தன் மென்பொருளில் அவற்றை வரிசையாகப் போட்டு வேலையைத் தொடரும். புராஜெக்ட் கோப்பை அனுப்புவதைவிட இது நம்பகமானது.

மாணவர்கள் வேலைக்குப் போக வேண்டாமா என்பது கனமான கேள்வி. ஒலிப்பதிவையே தொழிலாகக் கொள்ள விரும்பும் பிள்ளைக்கு இன்றைய மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும். பழையதையே கட்டிக்கொண்டிரு என்று அவனிடம் சொல்வது அநியாயம். ஆனாலும் சத்தத்தின் அளவு, ஈக்வலைசர், கம்ப்ரஸர், எதிரொலி ஆகியவற்றின் இலக்கணம் இருபது ஆண்டில் மாறவில்லை. அதை எதில் கற்றாலும் கற்றதுதான்.

கடைசியாகச் சங்கடமான ஒன்று. நம் வீடுகளில் உள்ள பழைய மென்பொருள்களில் எத்தனை திருட்டுப் பிரதிகள் என்று உங்களுக்கே தெரியும். அப்படி ஒன்றை நான் எந்தக் காரணம் கொண்டும் பரிந்துரைக்க மாட்டேன். யார் கையோ பட்டு, பூட்டு உடைக்கப்பட்டு வந்த நிரலுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று தெரியாது. உழைத்தவனுக்குக் கூலியும் போய்ச் சேராது. நேர்மையாக மென்பொருள் பெற வழியில்லாமலும் இல்லை. ஆடாசிட்டி இலவசம், 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, ஒரு பாட்டு வகுப்புக்கு அது தாராளம். தனிநபருக்கான ரீப்பர் லைசென்ஸ் 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஆகவே காசு கொடுத்து வாங்கிய பழையது உங்களிடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். களவில் வந்த பழையது இருந்தால், அதிலுள்ள வேலையை வெளியே எடுத்துவிட்டு, அழித்துவிடுங்கள்.

வெளியே எடுப்பது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதன் செயல்முறை மிகவும் எளிது. இங்கே இருக்கும் பாட்டு ஆசிரியர்களில் சிலர் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் இந்த வட்டாரத்தில் பாடிய வித்வான்களையும் தங்கள் மாணவர்களையும் பதிவு செய்து வைத்திருப்பீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய கணினியை ஓடவிடுங்கள். ஒவ்வொரு புராஜெக்டையும் திறந்து, டிராக் டிராக்காக, தொடக்கத்திலிருந்து முடிவு வரை, வேவ் கோப்பாக எடுங்கள். முழுக் கலவையையும் தனியே ஒன்று எடுங்கள். பாடியவர், பக்கவாத்தியம், ராகம், தாளம், சுருதி, தேதி, இடம் ஆகியவற்றைச் சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள். இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றொன்றை வேறொருவர் வீட்டிலும் வையுங்கள். அது முடிந்த பிறகு அந்தப் பழைய மென்பொருளில் மனநிம்மதியாக அடுத்த பாட்டைப் பதிவு செய்யுங்கள்; அது எத்தனை நாள் ஓடுகிறதோ அத்தனை நாள் ஓடட்டும். டாங்கிள் வைத்திருப்பவர்கள் ஞாயிறு வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இன்று இரவே தொடங்குங்கள்.